தனபால் கேட்ட கேள்விகளும் நாம் எழுதிக்கொண்ட பதில்களும்

தனபால் இறந்த செய்தி தொழிற்சாலையின் வாட்ஸ்அப் குழுவில் மலர்வளையப் படத்தோடு வந்தது. அனுப்பியவர் நம் முன்னாள் மனிதவள மேலாளர். ‘தொழிலாளர்களின் மனங்களைத் திறந்தவர்’ என்று கீழே எழுதியிருந்தார். திறந்த மனங்களில் என்ன இருந்தது என்று குறிப்பெடுத்தவரும் அவர்தான். அதன் கீழே நீங்கள் வரிசையாகக் கைகூப்பினீர்கள். நானும் கூப்பினேன், சற்று நேரத்தில் அதை அழித்துவிட்டேன்.

ஆம்பூருக்கு வெளியே இருக்கும் நம் காலணித் தொழிற்சாலையில் அவர் தொழிலாளர் நல அலுவலர், நான் பணியாளர் பிரிவு. தையல் பிரிவுக்குப் புதிதாக வரும் பெண்கள் பயிற்சிக் கூடத்தில் பஸ் வாரியாகத்தான் உட்காருவார்கள். மாதனூர் பஸ்ஸில் வந்தவள் பேரணாம்பட்டு பஸ்ஸில் வந்தவளின் தண்ணீர் பாட்டிலைத் தொடமாட்டாள். தனபால் அவர்களைக் கலைத்து, இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் சொல்வார். ஊர், தெரு, அப்பா பெயர் மூன்றையும் மட்டும் கேட்கக் கூடாது. அவை எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுகின்றன என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“ஊரக் கேக்காம இன்னா சார் பேசறது?” என்றாள் ஒருத்தி.

“அதக் கேட்டுட்டா அப்பறம் வேற எதையும் கேக்க மாட்டீங்கம்மா.”

வீட்டில் யாருக்கும் தெரியாமல் எதைத் தின்பாய் என்பது அவர் தரும் முதல் கேள்வி. “புள்ளைக்கு வாங்கன பால் பவுடரு சார். ஜாஸ்தி இல்ல, ரெண்டு ஸ்பூன்” என்று பதில் வரும். “ரெண்டா? ஒன் மூஞ்சப் பாத்தா டப்பாவே காலின்னு தெரியுதே” என்பாள் எதிரே இருப்பவள். மதியச் சாப்பாட்டில் அந்த இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள்.

இந்த விளையாட்டு மேலாளருக்குப் பிடித்துப்போனது. ஒருநாள் நோட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்பு வேலை செய்த இடத்தில் நீ செய்ததில் எது உனக்குப் பெருமை என்பது அன்றைய கேள்வி. மல்லிகா என்ற பெண் எழுந்து, “குடிக்கத் தண்ணி வரல சார். லைன்ல எல்லாரும் மெஷின நிறுத்திட்டு எழுந்துட்டோம். மொதல்ல எழுந்தது நான்” என்றாள். கூடம் கைதட்டியது. மேலாளரும் தட்டினார்.

பயிற்சி மாதம் முடிந்து வந்த நிரந்தரப் பட்டியலில் அவள் பெயர் மட்டும் இல்லை. தனபால் என் மேசைக்கு வந்தார். “வெளையாட்டுல சொன்னதுக்கா சார்?”

“திறன் போதாதுன்னு போட்டிருக்கு” என்றேன்.

அவர் மல்லிகாவின் வீடு தேடிப் போனார். “நீங்க கேட்டீங்கன்னுதான சார் சொன்னேன்” என்றாளாம். அதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்து வந்த புதியவர்களிடம், மேலாளர் நோட்டோடு உட்கார்ந்திருக்கும்போதே, விதியை மாற்றினார். “இன்னிக்கி எல்லாரும் பொய்தான் சொல்லணும்மா. பின்னாடி சார் எழுதிக்கறாரு. யார் பொய் நல்லா இருக்கோ அவங்க ஜெயிச்சாங்க.”

ஒருத்தி எழுந்து, “எனக்குக் கோவமே வராது சார். சூப்பர்வைசர் திட்னா தாலாட்டுற மாதிரி இருக்கும்” என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. மேலாளர் நோட்டை மூடினார். அந்த வாரமே தனபாலை வாயிற்கதவுக்கு அனுப்பினார்கள், உள்ளே வருவோரின் அடையாள அட்டையைச் சரிபார்க்க. நல அலுவலருக்கு அது வேலையே அல்ல என்று தெரிந்தும் நம்மில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. விளையாட்டு நடத்தச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார், பந்து எறிந்து பெயர் கேட்பதற்கு.

ஓய்வு பெறும்வரை தினமும் காலையில் தனபால் என் அட்டையைப் பார்த்தார், வணக்கம் சொன்னார். யாரிடமும் எதையாவது கேட்காமல் இருக்க முடியாத அந்த மனிதர் என்னிடம் மட்டும் எதையும் கேட்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மௌனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு மேலாளர் தலைமை தாங்குகிறார். என்னையும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே சொல்லப்போவதை இங்கேயே எழுதிவிடுகிறேன். மல்லிகாவின் தையலில் ஒரு குறையும் இருந்ததில்லை. திறன் போதாது என்று மேலாளர் சொன்னார். தட்டச்சு செய்தவன் நான்.