அத்தை கொண்டுவந்த உறை

அம்மாவின் கண்ணைப் பார்த்த டாக்டர், இனிமேல் விறகடுப்புப் புகையே ஆகாது என்று சொல்லிவிட்டார். ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்த அப்பா, கெலமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் சாண எரிவாயுத் தொட்டி கட்டினார். மாடுகள் போட்ட சாணத்தைக் கரைத்து ஊற்றினால் சமையலறையில் அடுப்பு நீலமாக எரியும். வயிற்றுக்குள் இவ்வளவு நெருப்பை வைத்துக்கொண்டு எருமை எப்படிச் சும்மா அசைபோடுகிறது என்பது எனக்குத் தீராத சந்தேகம்.

நாகரசம்பட்டியில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, சேதி கேட்டதும் முகம் சுளித்தாள். "சாணியில எரியற அடுப்புல வெச்ச காப்பிய நான் தொடமாட்டேன்" என்று சொல்லியனுப்பினாள். அம்மாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தை வருவதற்குள் நாற்றம் என்ற பேச்சே எழக்கூடாது என்று மாட்டுக்கொட்டகை முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவினாள். கழுவிய தண்ணீரெல்லாம் தொட்டிக்குள் போனது.

அத்தை வந்து தங்கியிருந்தபோது அடுப்பு நாளுக்கு நாள் சுருங்கி, ஒரு காலையில் புஸ்ஸென்று அணைந்தே போனது. அம்மா மறுபடி விறகடுப்பை மூட்டினாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்தன. கேலி பேசத்தான் அத்தை வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்ததும் நேராகக் கொல்லைக்குப் போய்த் தொட்டியை மோந்து பார்த்தாள்.

"தயிர் தோயற சட்டியில யாராச்சும் பினாயில் ஊத்துவாங்களாடி? உள்ள இருக்கறதெல்லாம் செத்துப்போயிருக்கும். வேற உறை ஊத்தணும்."

அன்றே ஊருக்குப் போனவள், அங்கே ஒருவர் வீட்டுத் தொட்டியில் புளித்துக் கிடந்த சாணக் கரைசலைப் பெரிய குண்டானில் மூடி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னம்மா அது என்று கேட்டாராம். "கொஞ்சம் புளிச்ச மோருப்பா" என்றாளாம் அத்தை.

அப்பா தொட்டியைக் காலி செய்து புதுச் சாணம் கரைத்தார். அத்தை உறை ஊற்றினாள். அடுப்பு எரியாமல் ஊருக்குப் போவதில்லை என்று எங்களோடேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் ஒருநாள் நீலத் தீ எட்டிப் பார்த்தபோது, "எனக்குத்தான் மொதல் காப்பி" என்றாள்.

டம்ளரை நீட்டிய அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "பொகையே இல்லியேம்மா, அப்புறம் என்ன?" என்று கேட்டேன்.

"தூசிடி" என்றாள் அத்தை, முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டு. நான் துடைப்பத்தை எடுத்துவந்து அடுப்பைச் சுற்றிக் கூட்டினேன்.