கள்ளிவேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பிளக்

கிசுமு என்ற ஏரிக்கரை நகரில், கிபுயே சந்தைக்குப் பின்னால் வெல்டிங் பட்டறை போட்டிருக்கிற எல்லோரிடமும் இருப்பது ஒரே மலிவு ரகக் கட்டிங் மிஷின்தான். இரும்பு அறுக்கிற பச்சை மிஷின். அது வருகிற அட்டைப்பெட்டியில் தலைக்கவசம் போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டிருப்பான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மிஷின் புகைந்து அடங்கிவிடும். அவன் மட்டும் சிரிப்பை நிறுத்தமாட்டான். அவர்களில் ஒருவனான ஓக்வேனோவின் மிஷினும் அதே ரகம்தான், ஆனால் ஆயுளில் வேறு ஜாதி. பச்சை உரிந்து, கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி, பெட்டியைக் கரையான் தின்று தீர்த்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடா ரகசியம்? தலையணைக்குப் பக்கத்துல படுக்க வச்சுக்குறியா?" என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேட்பார்கள்.

"அது கத்துனா நிறுத்திடுவேண்ணே. அவ்வளவுதான்."

அவ்வளவு மட்டுமில்லை. அறுக்கும்போது ஓக்வேனோ அழுத்தவே மாட்டான். மிஷின் தன் எடையிலேயே இரும்புக்குள் இறங்கட்டும் என்று பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருப்பான். சூடேறினால் சட்டென்று அணைக்காமல், சும்மா சுற்றவிடுவான். உள்ளே இருக்கும் விசிறி அந்தச் சூட்டை ஊதி வெளியே தள்ளும். சாயங்காலம் சைக்கிள் பம்பால் அதன் வயிற்றுத் தூசியை எடுப்பான். மோட்டாரில் உரசித் தேயும் கார்பன் கட்டையை முழுக்கத் தேயும்வரை விடாமல் மாற்றிவிடுவான். இவ்வளவும் செய்பவன் இரவல் கொடுப்பானா? ஆனால் அந்தச் சந்தையில் கேட்டவனுக்கு இல்லை என்று சொன்னவன் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆகவே ஒரு வழி வைத்திருந்தான். மிஷினோடு அவனும் போவான். கல்யாணப் பெண்ணோடு தோழி போகிற மாதிரி.

இந்த வழி டுங்காவில் போய்த்தான் முட்டிக்கொண்டு நின்றது.

டுங்கா ஏரிக்கரையில் மீன் புகை போடும் வீட்டுப் பெண் அகேயோ. அவளைக் கேட்டு ஓக்வேனோவின் சித்தப்பாக்கள் போய்ப் பேசிவிட்டு வந்திருந்தார்கள். அப்பா சரியென்றார், அண்ணன் ஒக்குமு சரியென்றான். அகேயோவைக் கேட்கவே வேண்டாம். அம்மா மட்டும் வாயைத் திறக்கவில்லை. அலேகோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் ஊரில் அவள் பெயர் அலேகோக்காரி. அவள் தலையசைக்காமல் அந்த வீட்டில் ஒரு மீன்கூடப் புகையாது.

அப்படி இருக்கும்போது ஒரு காலையில் ஒக்குமு பட்டறைக்கு வந்தான்.

"டிரம்மையெல்லாம் அறுத்துப் புது அடுப்பு போடணுமாம் அம்மாவுக்கு. எங்க மிஷின் ரெண்டும் எரிஞ்சுபோச்சு. உன்னோடதைக் கேட்டாங்க."

"யாரு அறுக்கப்போறது? நீயா?"

"நான் படகுக்குப் போறேன். அம்மாதான்."

ஓக்வேனோ மிஷினைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"நானே வந்து அறுத்துத் தர்றேனே, மச்சான்."

"மருமகனா வரப்போறவன் அம்மா வீட்டு வாசல்ல, அவங்க கண்ணு முன்னாடி நின்னு வேலை செய்யுறதா? நல்லா இருக்குடா!"

அதுவும் சரிதான். அவர்கள் வழக்கப்படி மாமியார் எதிரே மருமகன் நிற்கக்கூடாது, முகம் பார்த்துப் பேசக்கூடாது. கொடுக்கவில்லை என்றால் பெண் போச்சு. கொடுத்தால் மிஷின் போச்சு, அதோடு பிழைப்பும் போச்சு.

மிஷினோடு கிளம்பினான். வீட்டைச் சுற்றியிருந்த கள்ளிவேலிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான். அந்த வீட்டுக்குக் கரண்ட் வேலியை ஒட்டியிருந்த வாசோங்காவின் முடிவெட்டும் கடையிலிருந்துதான். ஒயர் கள்ளியைத் தாண்டி உள்ளே போயிற்று. ஓக்வேனோ கடை வாசலில், பிளக்குக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

உள்ளே மிஷின் கத்த ஆரம்பித்தது. மூட்டை தூக்கிப் பழகிய கைகள். அலேகோக்காரி அதன்மேல் மொத்தமாகச் சாய்ந்துவிட்டாள் போலிருந்தது. வேலிச் சந்தில் அகேயோவின் முகம் தெரிந்தது.

"அழுத்த வேண்டாம்னு சொல்லு, அகேயோ. தானா இறங்கும்."

அகேயோ போய்ச் சொன்னாள். பதில் வேலியைத் தாண்டி நேராகவே வந்தது. "அழாம இரும்பு எப்படிடீ அறுபடும்? புள்ளை பெக்கறவகூட கத்தத்தான் செய்யுறா!"

மறுபடி அலறல். மோட்டாரின் கம்பிச்சுருள் கருகும் வாடை வேலியைத் தாண்டியது. ஓக்வேனோ யோசிக்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டான்.

சூட்டோடு நிறுத்துவது அவன் மதத்தில் பாவம். எரிவதற்கு அது பரவாயில்லை.

"போச்சா கரண்ட்டு! நல்ல ஊருடா இது!" என்று உள்ளே குரல் கேட்டது. பிறகு அலேகோக்காரி கரண்ட் விடுகிறவர்களின் மூன்று தலைமுறையைப் பெயர் சொல்லாமல் வைதாள். ஓக்வேனோ ஒவ்வொரு வசவையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான்.

"சுவிட்சை அணைச்சுட்டாங்களா? மாட்டினதும் தானா சுத்திடப் போகுது" என்று அகேயோவிடம் கிசுகிசுத்தான்.

"அணைச்சாச்சு. நீங்க என்ன பண்றீங்கன்னு எனக்குத் தெரியும்."

"சொல்லிடாதே, தாயி."

மிஷின் ஆறியிருக்கும் என்று தோன்றியதும் மாட்டினான். கத்தல். பிடுங்கினான். வசவு. மாட்டினான். முடிவெட்டிக்கொண்டிருந்த வாசோங்காவுக்குச் சிரிப்பில் கை வழுக்கி, நாற்காலியில் இருந்தவரின் காதோரம் ஒரு பாத்தி விழுந்தது.

அடுத்த தடவை பிடுங்கியபோது உள்ளே வசவு வரவில்லை. அந்த அமைதியில் வாசோங்காவின் முடிவெட்டும் மிஷின் மட்டும் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் அணைப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது.

"வாசோங்கா, உன் கடைக்கு மட்டும் கரண்ட்டு சொர்க்கத்துலேருந்து வருதா?"

ஒயரைப் பிடித்துக்கொண்டே காலடிச் சத்தம் வந்தது. ஓக்வேனோ பிளக்கும் கையுமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் கள்ளிக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இனி அகேயோ தனக்கில்லை என்று நினைத்தான். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்த கோழியைத் தவிர அங்கே பேசத்தக்க ஆள் இல்லை.

"ஏ கோழி," என்றாள் அலேகோக்காரி. "கரண்ட்டு எப்ப வருமாம்னு கேளு."

ஓக்வேனோவும் கோழியிடமே சொன்னான். "மிஷினோட வயிறு ஆறினதும் வந்துடும்மா. அழுத்தாம சும்மா பிடிச்சா... போகவே போகாது."

கோழி ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு நகர்ந்தது. காலடி உள்ளே திரும்பிப் போயிற்று.

"அகேயோ!" குரல் வேண்டுமென்றே வேலிக்குக் கேட்கும்படி வந்தது. "ஒரு இரும்புக்கு நோகுதுன்னு வெயில்ல குந்தியிருக்கானே, இவனைக் கட்டிக்கிட்டா உன் வீட்டு அடுப்பு பாதி நாள் எரியாதுடீ. நீ கொஞ்சம் இருமினாலே தண்ணி ஊத்தி அணைச்சுடுவான்."

"அணைச்சா அணைக்கட்டும்மா."

"வெக்கம் கெட்டவளே. சனிக்கிழமை அந்தச் சித்தப்பாமாரை வரச் சொல்லு. கோழி சாப்பிடுவாங்கள்ல? சரி, இப்ப பிளக்கை மாட்டச் சொல்லு. ரெண்டு டிரம் பாக்கி கிடக்கு."

பிளக்குக்கு மூன்று கால், சாக்கெட்டில் மூன்று ஓட்டை. அன்றைக்கு ஓக்வேனோவால் அவற்றைச் சேர்க்க முடியவில்லை. வாசோங்காதான் வந்து மாட்டிக் கொடுத்தான்.