காஸ் கொஞ்சம், யோசனை அதிகம்

சோடாக் கம்பெனி வேலை என்றால் என்ன தெரியுமா? பாட்டில் எப்போது வெடிக்கும் என்று யந்திரத்துக்குத் தெரியாது, தான் எப்போது வெடிப்போம் என்று முதலாளிக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதற்குத்தான் நமக்குச் சம்பளம்.

எங்கள் கம்பெனி கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முதலாளி பழவேற்காட்டு மரைக்காயர், தங்கமான மனுஷர். காலையில் கதவைத் திறந்ததும் ஒரே மந்திரம்தான்: "புச்சா எதுனா யோசிங்கப்பா! பழசையே பண்ணிக்கினு இருந்தா எப்டி?" நான் அப்போது தற்காலிகம். திருப்பாச்சூரில் எனக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். வேலை நிலைத்தால் தாம்பூலம் மாற்றலாம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். பெண்ணை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதிலேயே பாதித் தூக்கம் போய்விட்டது. ஆகவே யோசிக்க ஆரம்பித்தேன். முதலாளி பேச்சை நம்பி மூளையைக் கசக்கிய சகோதரர்களே, மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஏப்பம்

யந்திரம் சுற்றுகிற ஆரோக்கியம் அண்ணன் கோணிச் சாக்கால் முகத்தையும் கையையும் மூடிக்கொண்டுதான் வேலை செய்வார். காஸ் ஏறும்போது பாட்டில் வெடிக்குமே! காஸைக் கொஞ்சம் குறைத்தால் என்ன என்று கேட்டேன். "பலே!" என்று முதலாளி முதுகில் தட்டினார். அன்றைக்கு ஒரு பாட்டில்கூட வெடிக்கவில்லை. அண்ணன் சாக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு முதல்முறையாகச் சிரித்த முகத்தோடு வேலை செய்தார்.

மறுநாள் நிலையத்துக் கடையிலிருந்து ஒரு பெரியவர் நேரே கம்பெனிக்கே வந்துவிட்டார். கல்யாண விருந்தை ஒரு கை பார்த்த வயிறு, பார்த்தாலே தெரிந்தது. பாட்டிலை முதலாளி மூக்குக்கு நேரே நீட்டினார். "சோடா குட்ச்சா ஏப்பம் வரணும்யா. உன் சோடாவக் குட்ச்சா எனக்கு அழுகதான் வருது!"

நீலக் கோலி

பாட்டில்கள் வரும்போதே சிலவற்றில் நீலக் கோலி இருக்கும், சிலவற்றில் பச்சை. யாரும் அதைக் கவனித்ததில்லை. எனக்குத்தான் கண் சும்மா இருக்கவில்லை. நீலத்தில் இஞ்சி, பச்சையில் பன்னீர் என்று பிரித்து அடைத்தால் கடைக்காரர் தேட வேண்டாமே! "பலே!" என்றார் முதலாளி, கொஞ்சம் மெதுவாக.

இஞ்சி நன்றாக ஓடியது. பன்னீர் கொஞ்சம் மந்தம். இஞ்சி ஓடுவதைப் பார்த்த ஊர் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தது: நீலம் என்றால் இன்றைய சரக்கு, பச்சை என்றால் நேற்றையது. அவ்வளவுதான், பன்னீர் கேட்டு வந்தவன்கூட நீலக் கோலியைத் தவிர வேறெதையும் தொடவில்லை. பச்சைக் கோலிப் பெட்டிகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. அவற்றுக்கு நடுவே உட்கார்ந்து முதலாளி சொன்னார்: "தம்பி, இனிமே யோசிக்கறதுன்னா என்னக் கேட்டுக்கினு யோசி!"

எளாவூர்

கேட்டேன். ஆந்திரா தனியாகப் போன புதிது. எளாவூர்ச் சோதனைச் சாவடியில் லாரிகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அங்கே மாட்டுவண்டியில் சோடா கொண்டுபோகலாமா என்றேன். இந்தத் தடவை "பலே" இல்லை. "போ. பாட்டிலு கொறஞ்சா அப்படியே ஊட்டுக்குப் போய்க்கினே இரு" என்றார்.

நம் தொழிலில் பாட்டில்தான் சொத்து, உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். நின்று குடித்து, பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் முறை. ஆனால் லாரிக்காரர்கள் இறங்கவில்லை. நான் மேலே நீட்டினேன், உட்கார்ந்தபடியே குடித்தார்கள். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. திடீரென்று சாவடிக்காரர் கையை ஆட்டினார், வரிசை முழுக்க நகர்ந்துவிட்டது. "பாட்டில்! பாட்டில்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். பாசத்தோடு வழியனுப்புகிறேன் என்று நினைத்து எல்லாரும் டாட்டா காட்டிக்கொண்டே போனார்கள்.

காலி வண்டியைப் பார்த்ததும் முதலாளி தலையில் கை வைத்தார். "சோடா வித்துட்டு வாடான்னா, கம்பெனியவே ஆந்திராவுக்கு அனுப்பிட்டு வந்துக்கீறியே!" சனிக்கிழமையோடு நின்றுகொள் என்றும் சொல்லிவிட்டார். எனக்குப் பாட்டில் ஞாபகமே வரவில்லை. திருப்பாச்சூர் முகம்தான் கண்முன் நின்றது. வாய்விட்டு அழாத குறை.

சனிக்கிழமை

வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நான் கிளம்பும் நேரம், வாசலில் ஒரு லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. நெல்லூர் டிரைவர் ஒருவர் சாக்கு மூட்டையோடு இறங்கினார். உள்ளே கலகலவென்று சத்தம், எங்கள் பாட்டில்கள்தான்! மற்ற லாரிக்காரர்களிடமிருந்தும் வாங்கி வந்திருந்தார். "நைனா, இத்த வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? எல்லாத்தையும் ரொப்பிக் குடு. எங்காளுங்க இனிமே எளாவூருல உன் சோடாதான் வோணுங்கறாங்க" என்றார்.

முதலாளி மூட்டையைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "எளாவூருல ஒரு கடை போடணும்னு நான் எத்தினி நாளா சொல்லிக்கினு கீறேன்! என் யோசனைய ஒழுங்கா நடத்த ஒரு நெரந்தர ஆளு வோணும். இன்னா முழிக்கிறே? நீதான்யா!"

அந்த மாதமே தாம்பூலம் மாற்றினோம். முதலாளி அனுப்பிய நீலக் கோலி சோடாவைக் குடித்துவிட்டு மாமனார் பந்தல் அதிர ஏப்பம் விட்டபோதுதான் எனக்குப் புரிந்தது, யோசனையும் நம்ம கோலி சோடா மாதிரிதான், கட்டைவிரல் வலிக்க அழுத்துகிறவன் ஒருத்தன், ஏப்பம் விடுகிறவன் வேறொருத்தன்.