காய்ச்சல் ரத்தமும் கத்துகிற மாடும்

என் ஓட்டைக் கார் நாமகிரிப்பேட்டையைத் தாண்டி ராசிபுரம் போகும் வழியில் புகை கக்கிக்கொண்டு நின்றது. வாயில் வந்தபடி திட்டினேன். பின்சீட்டில் திரவ நைட்ரஜன் கேன். கடும் காய்ச்சலில் கிடந்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த நோய் எதிர்ப்புச் செல்கள் அதற்குள் உறைந்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, எதில் எந்த மரபணு வேலை செய்தது என்று படிப்பதுதான் சேலத்தில் என் பிழைப்பு. உருகினால் போச்சு. காய்ச்சல்காரர்கள் எல்லோரும் குணமாகி வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த ரத்தம் இனிக் கிடைக்காது.

கேனை இறக்கி நிழலில் வைத்ததுதான் தாமதம், எதிர்த் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார்.

"ஏனுங்க, விடியால இருந்து மாடு கத்திக்கிட்டுக் கெடக்குது, இப்பத்தான் வாரீங்களா?"

மாடு விடாமல் கத்தினால் சினைக்குத் தயார் என்று அர்த்தம்; அந்தப் பக்கம் இப்படிக் கேனோடு வருபவர் மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்தான். காளை விந்தையும் நைட்ரஜனில்தான் உறைய வைப்பார்கள்.

"நான் ஊசிக்காரன் இல்லீங்க. இதுல இருக்கறது மனுச ரத்தமுங்க. காய்ச்சலப்ப எந்தச் செல்லு சண்டை போட்டுச்சு, எது தூங்குச்சுன்னு ஒவ்வொண்ணாப் பாக்கறமுங்க."

"ஒவ்வொண்ணாவா? வேற வேலையே இல்லீங்களா சாமி?"

சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தவன் கேனைப் பார்த்தேன். வெளிப்புறமெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. கேன் பழுது, குளிர் கசிகிறது. மூடியைத் திறந்தால் அடியில் கொஞ்சம்தான் நைட்ரஜன். ஐயோ!

என் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கே பாவமாகிவிட்டது. நிஜ ஊசிக்காரருக்குப் போன் போட்டு அந்த அம்மா விட்ட வசவை இங்கே எழுத முடியாது. என் கேன் சங்கதியையும் அதிலேயே சேர்த்துச் சொன்னார். பக்கத்து ஊரில் இருந்தவர் பைக்கில் பறந்து வந்தார். என் கேனைப் பார்த்தார், தன் கேனைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"பாதி ஊத்தறனுங்க. ஆனா இந்த மாடு பொல்லாதது. வாலைப் புடிக்க ஒரு ஆள் வேணுமுங்க."

பிடித்தேன். முனைவர் பட்டம் வாங்கிய கை. மாடு நின்று நிதானமாக என் சட்டையில் சாணி போட்டது. வாடகைக் காரில் சேலம் போகும்வரை ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றவே இல்லை.

சில மாதம் கழித்து, சேலம் சூரமங்கலத்து ஆய்வகத்தில் அந்தச் செல்களை முறைப்படி உருக்கி நுண்ணோக்கியில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து, அன்று என் நம்பரை வாங்கி வைத்திருந்த அந்த அம்மாவிடமிருந்து போன்.

"சாமி, மாடு சினை புடிச்சிருச்சுங்க! உங்க சரக்கு பொழச்சுதுங்களா?"

குனிந்து பார்த்தேன். பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொழச்சுக்கிச்சுங்கம்மா."

"பொழைக்காம என்னுங்க? ராசியான கை. அடுத்த ஈத்துக்கும் நீங்கதான் வந்து வாலைப் புடிக்கோணும்."