ஆரோக்கியமேரி அண்ணிக்குச் செய்த ஐந்தாவது சாப்பாடு

தந்தி வந்தபோது மாரண்டஹள்ளி வீட்டில் இருந்தவர்கள் மூவர்: நான், என் வீட்டுக்காரர், தக்காளி விலை பேச வந்திருந்த மண்டிக்கார பாய். எங்கள் கையெல்லாம் ஈரம் என்பதால் பாய்தான் வாங்கிப் படித்தார். மொரப்பூரில் ஆரோக்கியமேரி காலமானார், உடனே வரவும். அண்ணி கூடப் பிறந்த அக்கா என்பதால் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போய்விட்டாரே என்ற கோபம். சிலுவை போட்டுக்கொண்டு அடக்கினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களிடம் அச்சிட்டுக் கொடுக்க, அண்ணியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுது என்றார்கள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமே சொல்லாத பொய்யை அச்சில் சொல்ல மாட்டேன்.

அண்ணி கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தார். பென்னாகரம் பக்கத்து மலை ஊர்களுக்கு நடந்தே போய்ப் பிரசவம் பார்த்தவர். அவர் கையில் பிறந்தவர்கள் இந்தப் பூசைக்கே பலர் வருவார்கள். அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் அவர் அப்படி இருக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணமான மூன்றாம் நாள் என் குழம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சாவதோட படிப்பை விட்டவளாமே! உப்புப் போடறதுக்குக் கூடவா பள்ளிக்கூடம் போவணும்?" என்றார். அன்றிலிருந்து என் சமையலில் ஒரு வாயாவது தட்டில் மிச்சம் வைத்துவிட்டுத்தான் எழுவார். என் சாப்பாட்டுக்கு அவர் போடும் மதிப்பெண் அது.

ஓய்வு பெறுவதற்குமுன் மடத்தார் அவரை மெக்சிகோவுக்கு மாதா கோயில் யாத்திரை அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு வீட்டில் சாப்பிட்டாராம். சுட்ட மக்காச்சோள ரொட்டி, அதில் மிளகாய் அரைத்து வேகவைத்த ஆட்டுக்கறி, தணலில் சுட்ட தக்காளிச் சட்னி, எலுமிச்சை. திரும்பி வந்து எங்களோடு தங்கிய நாள்முதல் அதே பேச்சு. அதற்குள் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. சோறு, களி, மக்காச்சோளம் எல்லாம் கூடாது என்றார் டாக்டர்.

"ஏ ஜெசிந்தா, அந்தச் சாப்பாட்டைச் செஞ்சு குடு. ரொட்டி மட்டும் கூடாது."

"ரொட்டி இல்லாட்டி அதுல என்னங்க அண்ணி இருக்குது?"

"அதான், உன்னால ஆவுமான்னு கேக்கறேன்."

வீம்புக்கு ஒரு நோட்டுப் போட்டேன். செய்தது என்ன, அண்ணி சொன்னது என்ன, பிறகு சோதனையில் என்ன நிறம். நீல மருந்தில் சிறுநீர் விட்டு அவரே காய்ச்சிப் பார்ப்பார். நீலமாகவே நின்றால் நல்லது. செங்கல் நிறமானால் சர்க்கரை ஏறிவிட்டது என்று அர்த்தம்.

ரொட்டிக்குப் பதில் முட்டை அடை: நீலம். "ஆஸ்பத்திரி ஆம்லெட்டு." வாட்டிய கோஸ் இலை: நீலம். "மாட்டுக்குப் போடறதை எனக்குப் போடற." மூன்றாவது தடவை கறி வேகவில்லை. நான்காவது தடவை நிதானமாக மென்றுவிட்டு, "எல்லாஞ் சரி, ஒண்ணு மட்டும் இல்ல" என்றார்.

"என்னங்க இல்ல?"

"சொல்லிட்டா நீ செஞ்சிருவியே!"

என்னைத் தோற்கடிப்பது அவருக்குச் சாப்பாட்டைவிட ருசி.

ஆனால் அவரே மாட்டிக்கொண்டார். திருவிழாவுக்காகக் கோயிலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஈரச் சுவரருகே நின்று மூச்சை இழுத்தார். "அந்தப் பொம்பளை வூட்டு அடுப்படில இதே வாசந்தான். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டுத்தான் வேகவெப்பா" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாளே வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்தேன். தெளிந்த நீரில் கோஸ் இலையை ஊறவைத்து, நன்றாக அலசி, இரும்புக் கல்லில் கருக வாட்டினேன். அந்த வாசனை அடுப்படி முழுக்க நின்றது. அன்று மொரப்பூரிலிருந்து அண்ணிக்கும் என் வீட்டுக்காரருக்கும் மூத்த அண்ணன், என் பெரிய மாமா, வந்திருந்தார். இருவருக்கும் பரிமாறினேன். முதல் வாயில் அண்ணி கண்ணை மூடினார். பிறகு மாமாவின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நான் கரண்டியோடு நின்றேன்.

"என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"உனக்கில்ல" என்றார் அண்ணி.

சாயங்காலம் மாமாவோடு மொரப்பூருக்குப் பஸ் ஏறினார். பதினோராம் நாள் தந்தி.

அந்த ஐந்தாவது சாப்பாட்டன்று அவர் தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பூனை அவர் காலடியில்தான் படுத்திருந்தது. அவர் சாப்பிட்டாரா, பூனைக்குப் போட்டாரா, நான் பார்க்கவில்லை.

அண்ணி, போய் வாருங்கள். உங்கள் ஆன்மாவுக்காகத் தினமும் செபமாலை சொல்கிறேன். மன்னிக்கத்தான் இன்னும் முடியவில்லை. நோட்டில் ஐந்தாவது சாப்பாட்டுக்கு நேரே "அண்ணி சொன்னது" என்ற இடம் காலியாக இருக்கிறது.

மாமா, அன்றைக்கு உங்கள் காதில் அவர் என்ன சொன்னார்? திட்டாக இருந்தாலும் பரவாயில்லை. இதைப் படித்ததும், அடுத்த ஞாயிறு பூசைக்குள் ஒரு தபால் கார்டில் எழுதிப் போடுங்கள்.