கரம்பொன் கிணற்றின் பச்சை விளக்கு

கரம்பொன்னில் பிரதேச சபைக்குச் சொந்தமான பழைய கிணறு ஒன்று இருக்கிறது. எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் ஆழம். சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகள் எல்லாம் உப்பாகி வாயில் வைக்க முடியாமல் போனபோதும் இதில் மட்டும் நல்ல தண்ணீர். ஆகவே இதில் ஒருவரும் தண்ணீர் அள்ளக்கூடாது என்று கட்டளை வந்தது. சிரிக்காதீர்கள், உண்மைதான். நிலத்தின் அடியாழத்தில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று அளப்பதற்கு கொழும்பிலிருந்து வந்தவர்கள் இந்தக் கிணற்றைத்தான் பிடித்தார்கள். அள்ளினால் அளவு குழம்பிவிடுமாம். கம்பியில் ஒரு கருவியை இறக்கி, வீதியைப் பார்த்தபடி ஒரு பலகையும் நட்டார்கள். மட்டம் உயர்ந்தால் பச்சை விளக்கு, இறங்கினால் சிவப்பு. சனங்கள் பவுசர் லொறியில் வரும் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்துக் குடித்துக்கொண்டு அந்த விளக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

கிணற்றுக்குக் காவல் நிலாந்தினி. வயது முப்பத்தைந்து. அளவு நாடா இறக்கி, கருவி சொல்வது சரிதானா என்று பார்ப்பதும், வாளியோடு வருபவர்களைத் துரத்துவதும் அவளுடைய வேலை. சும்மா சொல்லக்கூடாது, பெற்ற தாய் ஒரு செம்பு கேட்டபோதுகூட அவள் மசியவில்லை.

"அம்மா, இது குடிக்கிற தண்ணி இல்லை, அளக்கிற தண்ணி" என்று திருப்பி அனுப்பியவள்.

இப்படிப்பட்டவளையும் காதல் விட்டுவைக்கவில்லை. ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகர் போகும் படகில் வேலை செய்பவன் சசிகரன். ஒருநாள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். அன்றிலிருந்து நிலாந்தினிக்குக் காரைநகரில் அடிக்கடி அலுவல் இருந்தது. கடைசியில் அவனுடைய தாய் இராசமணி, ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினாள்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து குடியிருப்பவர். சீதன வீட்டைப் பார்க்க வருபவர்கள் கூரையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, தண்ணீரை விசாரிக்காமல் போகமாட்டார்கள். வீட்டுக் கிணறுகள் உப்பான பிறகு எல்லோரும் இந்தப் பலகையைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு எரிந்தால் வந்த ஓட்டோ அப்படியே திரும்பிவிடும். நிலாந்தினியின் வீடோ கிணற்றுக்கு நேர் பின்னால். விளக்கோ இரண்டு கிழமையாகச் சிவப்பு.

"விளக்கைக் கழட்டுவமோ?" என்றான் அவளுடைய தமையன் ஜெகதீஸ்.

"கழட்டினா கொழும்பில தெரிஞ்சிடும், அண்ணை."

"அப்ப தண்ணிய ஊத்துவம்."

"இந்த வெயிலுக்க ஆர் தருவினம்?"

கேளுங்கள் கூத்தை. செய்தி பரவி, அவள் துரத்திய அத்தனை பேரும் ஞாயிறு காலை அதே வாளிகளோடு வந்தார்கள். வாளி நிறையக் கொண்டுவந்து வெறுமையாகத் திரும்பினார்கள். நிலாந்தினி கிணற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "நான் ஒண்டும் பாக்கேல்லை" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். மத்தியானத்துக்குள் விளக்கு பச்சையானது. தெருவில் நின்ற ஒழுங்கைச் சனம் முழுக்கக் கைதட்டியது.

இராசமணியும் மகனும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். பச்சையைக் கண்டதும் மனுசியின் முகம் மலர்ந்தது.

"இந்தக் கோடையிலயும் பச்சையோ! குடுத்து வைச்ச ஊர்."

கதிரை போட்டு இருத்தினார்கள். நிலாந்தினியின் தாய் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். பீப்பாயில் ஒரு சொட்டு இல்லை. ஜெகதீஸ் பக்கத்து வீட்டுக்கு ஓடினான். அங்கேயும் இல்லை. ஒழுங்கை முழுக்கப் பீப்பாய்கள் கவிழ்ந்து கிடந்தன. வந்த சம்பந்திக்கு ஒரு வாய் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால் அந்தக் கல்யாணம் நடந்த மாதிரித்தான்!

"ஏன் இப்பிடி அந்தரப்படுறியள்?" என்றாள் இராசமணி. "உந்தக் கிணத்தில ஒரு வாளி அள்ளினா என்ன?"

நிலாந்தினி வாளியை எடுத்தாள். ஊற்றிய தண்ணீரில் பாதியைச் சுண்ணாம்புக்கல் ஏற்கெனவே குடித்துவிட்டிருந்தது. அவள் அள்ளிய வாளி கிணற்றுக் கட்டுக்கு ஏறவும் விளக்கு சிவப்பாகவும் சரியாக இருந்தது.

"பல்ப் பழுது, மாமி" என்றான் ஜெகதீஸ்.

"பல்ப் நல்லாத்தான் இருக்கு" என்றாள் நிலாந்தினி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இது பவுசர்த் தண்ணி, மாமி. ஒழுங்கைச் சனம் எனக்காக ஊத்தினது. எனக்கு உங்கட மகனில சரியான விருப்பம். அதுதான் பேசாமல் நிண்டனான்."

இராசமணி வாளியைப் பார்த்தாள். வேலியோரம் வந்து நின்ற சனங்களைப் பார்த்தாள்.

"குடிக்கிற தண்ணியையோ ஊத்தினது?"

"ஓம், மாமி."

"ஒருத்தரும் ஒரு செம்பும் ஒளிச்சு வைக்கேல்லையோ?"

"இல்லை, மாமி."

இராசமணி வாளியைத் தன் கையில் வாங்கினாள்.

"எங்கட ஒழுங்கையில பவுசர் வந்தாலே அடிபிடி. போன கிழமை பக்கத்து வீட்டுக்காரி என்ர வாளிய வேலிக்கு மேலால எறிஞ்சவள்" என்றாள். பிறகு நிலாந்தினியின் தாயைத் திரும்பிப் பார்த்தாள். "தேத்தண்ணியப் போடுங்கோ. கலியாண எழுத்தைப் பவுசர் வாற நாளில வைப்பம். இவ்வளவு சனத்துக்கும் தேத்தண்ணி குடுக்கவேணுமெல்லே."