பட்டியலில் இருந்த பிள்ளை

ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, அலோர் காஜாவுக்குப் போகும் சாலையில் இருந்த எங்கள் சிறிய சபைக்குப் பெரிய பெயர். ஜெபிக்கிற சபை என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

பெயர் வரக் காரணம் ஒரு நோட்டு. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அதில் எழுதுவோம். ஞாயிறு ஆராதனையில், சபையை நடத்தும் உபதேசியார் ஒவ்வொரு பெயராக வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் சபையார் எல்லாரும் ஒரே குரலில், “சுகம் தாரும் ஆண்டவரே” என்பார்கள். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுக் கண்கலங்குவார்கள். பெயர் எழுதப்பட்டவர்களை வியாழக்கிழமை பெண்கள் சங்கத்தார் நாங்கள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அரசாங்கக் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குப் போவோம். தேநீர் கிடைக்கும். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயங்களுக்குப் போக மட்டும், மழை, சேறு, அட்டை என்று ஏதாவது ஒரு காரணம் வந்துவிடும்.

என் கணவர் அரசாங்க ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. நான் ஊரில் மிஷன் பள்ளியில் படித்தவள், எழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமைதோறும் பழைய பட்டியலைப் பார்த்துப் புதிதாக எழுதுவேன். சுகமானவர்கள் வந்து சொன்னால் பெயரை எடுப்பேன். யாரும் சொல்லாவிட்டால் அப்படியே எழுதுவேன். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

தோட்டத்தில் பால் மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கும் பெண் ஒருத்தி பின்னால் பாயில் உட்காருவாள். நாங்கள் முன்னால் நாற்காலியில். ஒரு ஞாயிறு அவள் வந்து தன் ஐந்து வயது மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னாள். எழுதினேன். வியாழக்கிழமை வருகிறோம் என்றும் சொன்னேன். போகவில்லை. என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். லயத்துக் காய்ச்சல் அவனுக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தேன். அந்தப் பயம் சரியா, அல்லது எனக்கும் சேறுதான் காரணமா என்று இன்றுவரை என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் வந்தாள். இரண்டாவது ஞாயிறு ஆராதனை முடிந்து, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவளிடம் பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“அது போயி மூணாவது வாரம்மா. லயத்து ஆளுங்கதான் தூக்கிப் போட்டாங்க. உபதேசியாருக்கு ஆள் விட்டோம். என்ன ஏதுன்னு கேக்காமயே, பாட்டுப் பழக்குறாரு, இப்ப வர முடியாதுன்னு வாசல்லயே அனுப்பிட்டாங்க.”

பெயரை வாசித்தபோது ஏன் சொல்லவில்லை என்றேன். என்ன கேள்வி அது. அவள்மேலேயே குற்றத்தைப் போட்டேன்.

“பேர வாசிக்கயில உசுரோட இருக்குற மாதிரி இருந்துச்சு. அதான் சும்மா இருந்தேன்.” பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “வெள்ளச் சேலக்காரங்க எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சும்மா.”

இறந்துபோன பிள்ளைக்கு மூன்று வாரமாகச் சுகம் கேட்டிருக்கிறோம். கண்ணை மூடி, உருகி, ஒரே குரலில். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நேராகச் சங்கத் தலைவியிடம் போனேன். யாழ்ப்பாணத்து அக்கா, சபை மூப்பரின் மனைவி. அடுத்த ஞாயிறு, சபைகளை மேற்பார்க்கும் பாதிரியாரான பெரிய ஐயர் வருவதாக இருந்தது, அக்கா நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பாவம் என்றார். பெயரை எடுத்துவிட்டு, சபையில் சொல்லி, அந்தத் தாய்க்காக ஜெபிக்கலாம் என்றேன்.

“இப்ப பேரை வெட்டினால் ஏன் எண்டு கேப்பினம் பிள்ளை. ஐயர் வந்துபோகட்டும், பிறகு பாப்பம்.”

சரி அக்கா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டலுக்காக என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

சனிக்கிழமை மகனை மடியில் போட்டுக்கொண்டு நோட்டைத் திறந்தேன். பெயரை எடுத்தால் பிள்ளை இருந்ததே தெரியாமல் போய்விடும். விட்டால் பொய். பெரியவர்களை மீறுகிறோமே, கணவருக்குப் பேச்சு வருமே என்று பலமுறை பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன். கடைசியில் பெயரை எழுதி, பக்கத்தில் இதையும் எழுதினேன்: ‘இறந்துவிட்டாள். நாம் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.’ வாசிக்கும்போது உபதேசியார் திடுக்கிட்டு நிறுத்துவார், சபை கேட்கும், யாராவது எழுந்து பின்னால் பாய்க்குப் போவார்கள் என்று நம்பினேன்.

ஞாயிறு உபதேசியார் வாசித்தார். அந்த வரி வந்தது. அதே ராகத்தில், அதே வேகத்தில், பெயரையும் வாசித்து, “இறந்துவிட்டாள், நாம் ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை” என்பதையும் வாசித்தார்.

“சுகம் தாரும் ஆண்டவரே” என்றது சபை.

உபதேசியார் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. என் கணவரும் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு. அக்காவின் குரல் எல்லாருக்கும் மேலே கேட்டது. பெரிய ஐயர் தம் பிரசங்கக் குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இந்தக் கரையோரத்தில் இப்படி உயிருள்ள சபையைத் தாம் பார்த்ததில்லை என்று தொடங்கினார்.

பின்னால் அந்தப் பெண் எழுந்தாள். தன் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வெளியே போனாள். நான் மகனைத் தூக்கிக்கொண்டு நடுவழியாக நடந்தேன். அப்போதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் செருப்புச் சத்தம் அவர்களுக்குக் கேட்டது.

சாலையில் அவளைப் பிடித்தேன். பிள்ளையை எங்கே புதைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள்.

“சேறும்மா” என்றாள்.

“இருக்கட்டும்” என்றேன்.

என் மகனை அவள் தன் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ரப்பர் மரங்களுக்குப் பின்னால், சின்ன மேடு ஒன்று. புல் அதற்குள் முளைத்துவிட்டிருந்தது. நான் ஜெபம் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்கே அருவருப்பாக இருந்திருக்கும்.

அந்த வாரமே நோட்டை என்னிடமிருந்து வாங்கிவிட்டார்கள். இப்போது வேறொரு பெண் எழுதுகிறாள். அவள் எழுத்து என்னுடையதைவிட அழகாம்.